அழுகிறவன் எல்லாம் வருந்துகிறவனா?

'பிரேக்கிங் பேட்' அமெரிக்கத் தொடரில், போதை மருந்து காய்ச்சும் கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்டர் ஒயிட், கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன் சாகும்போது கண்ணீர் விடுகிறாரே, அது குற்ற உணர்ச்சிதானே?
- வாசகி, சத்துவாச்சாரி

கண்ணீரை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஜேனை வால்டர் சாகவிட்டார் என்ற அந்த ஒரே ரகசியம் 62 எபிசோடில் மூன்று முறை வருகிறது. 19-வதில், போதையில் மல்லாந்து கிடக்கும் ஜேனுக்கு வாந்தியில் மூச்சடைக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பிழைத்திருப்பாள். வால்டர் நீட்டின கை நின்றுவிடுகிறது. 30-வதில், ஜெஸ்ஸி காபியில் கலந்த தூக்க மாத்திரை வேலை செய்ய, வால்டர் ஜேனுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவனோ அதைத் துக்க விசாரிப்பாக எடுத்துக்கொள்கிறான். அதற்கு முன் அவர் புலம்புவது எதைப் பற்றி? தான் சாகவேண்டிய நல்ல நேரம் தவறிப்போனதைப் பற்றி! அதற்குப் பெயர் கழிவிரக்கம். 60-வதில் உண்மையை முழுசாகச் சொல்கிறார், ஜெஸ்ஸியை நோகடிக்க.

பாலாற்று மணல் கடத்தலில் இறங்கும் கணக்கு வாத்தியார் பற்றி 8 எபிசோடு எழுதுகிறேன். மணல் குழி சரிந்து லாரி கிளீனர் பையன் இறக்கிறான். வாத்தியாரின் உறுத்தலை எப்படிக் காட்டுவது? கடைசியில் வேலூர் கோர்ட்டில் சரணடைய வைக்கலாமா?
- வாசகர், குடியாத்தம்

செத்தவன் கனவில் வருவது, கண்ணாடி முன் அழுகை, சோக வயலின். மூன்றையும் அடித்துவிடுங்கள். வாத்தியார் அழுத நிமிஷமே பார்ப்பவர் மன்னித்துவிடுவார்; மிச்சக் கதையை எதை வைத்து இழுப்பீர்கள்?

குழி சரிந்தது வெறும் விபத்தென்றால் உறுத்தல் நிற்காது. மணலுக்கு மேல் கை அசைகிறது. வாத்தியார் செல்போனை எடுக்கிறார், ஆள் வந்தால் லாரியும் மாட்டும், திரும்பப் பையில் போடுகிறார். 10 விநாடி. இதை 2-வது எபிசோடில் வையுங்கள். 5-வதில் பையனின் அம்மாவிடம் பாதி சொல்லட்டும். அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வாத்தியாருக்கே ஆறுதல் சொல்லட்டும். 7-வதில் உண்மையைப் போட்டு உடையுங்கள். பாரம் இறக்கவா, எதிராளியைக் குத்தவா என்று தீர்மானித்த பிறகே அந்த வசனத்தில் கை வையுங்கள்.

இடையில் உடம்பு பேசட்டும். கிரேஸி-8 என்ற போதை மருந்து வியாபாரியை சைக்கிள் பூட்டால் நெரித்துக் கொன்ற வால்டர், பிற்பாடு அவனைப் போலவே ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடுவார். யாரும் அதை விளக்குவதில்லை. உங்கள் கிளீனர் லாரியில் ஏறுமுன் செருப்பைக் கழற்றுகிறவன் என்று 1-வதிலேயே இரண்டு தடவை காட்டுங்கள். 6-வதில் வாத்தியார் தன் காரில் ஏறுமுன் கழற்றுவார். தயவுசெய்து குளோஸ்-அப் வேண்டாம்.

சரணடையலாம், விலை தெரிந்தால். வால்டரின் வக்கீல் சாலுடைய கதையான 'பெட்டர் கால் சால்' தொடரின் முடிவில், ஏழரை வருஷத்துக்குப் பேசி முடித்த தண்டனையை, கோர்ட்டில் உண்மையைச் சொல்லி 86 ஆக்கிக்கொள்கிறார் சால். உங்கள் வாத்தியாருக்குப் போகப்போவது வேலையா, பென்ஷனா, மகள் கல்யாணமா? எதுவானாலும் 1-வது எபிசோடிலேயே சொல்லிவிடுங்கள்.