வயிற்றில் அடி பட்டால்: வாசகியர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரும் வழக்கறிஞரும் பதில்

எனக்கு ஏழாம் மாதம். போன மாதம் வீட்டுக்காரர் தள்ளிவிட்டதில் கட்டில் விளிம்பில் வயிறு இடித்தது. ரத்தப்போக்கு இல்லை. இரண்டு நாள் அடிவயிறு இழுத்துப் பிடித்து, பிறகு சரியாகிவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் எந்த அறிகுறி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

மருத்துவர்: அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. அடி பட்டதும் கிளம்ப வேண்டும். அதிர்ச்சியில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியலாம். அப்போது ரத்தம் வெளியே வராமல் நஞ்சுக்கொடிக்குப் பின்னாலேயே தேங்கும். அதனால் துணியில் கறை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் பிரியவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குழந்தையின் இதயத்துடிப்பையும் கருப்பைச் சுருக்கத்தையும் பதியும் சி.டி.ஜி. கருவியில் குறைந்தது 4 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். வயிறு இழுத்துப் பிடித்தாலோ துடிப்பில் மாற்றம் தெரிந்தாலோ 24 மணி நேரம் வரை வைத்திருப்பார்கள்.

வயிறு கல் போல இறுகித் தளராமல் இருப்பது, விடாத முதுகுவலி, நீர் கசிவு, ரத்தக்கறை, தலைசுற்றல், குழந்தை அசைவு குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். 'ஏழு மாதம், வயிற்றில் அடி' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சி.டி.ஜி. வசதியுள்ள இடத்துக்கே, உங்கள் பக்கம் என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே, கொண்டுபோகச் சொல்லிக் கேட்கலாம். போகும் வழியில் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

உங்கள் தாய் சேய் அட்டையை எடுத்து ரத்த வகையைப் பாருங்கள். நெகட்டிவ் என்றால் அடி பட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். வழக்கமான அளவு 300 மைக்ரோகிராம். இதைத் தவறவிட்டால் இந்தக் குழந்தைக்கு மட்டுமல்ல, அடுத்த கர்ப்பத்துக்கும் சிக்கல் வரலாம்.

வழக்கறிஞர்: ஆஸ்பத்திரியில் பலரும் சொல்வது 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்'. விபத்துப் பதிவேட்டிலும், அதாவது ஏ.ஆரிலும், அப்படியே ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். யார், எப்போது, எதனால், எங்கே அடித்தார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு, நகலையும் கேளுங்கள். புகார் கொடுக்கவில்லை என்பதற்காகவோ பாதுகாப்பு அலுவலரின் (குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ நியமிக்கப்பட்ட அலுவலர்) அறிக்கை இல்லை என்பதற்காகவோ சிகிச்சையை மறுக்க முடியாது.

நான் கிராம சுகாதார செவிலியர். சில கர்ப்பிணிகளின் உடம்பில் காயம் பார்க்கிறேன். மாமியாரோ கணவரோ பக்கத்தை விட்டு நகர்வதில்லை. எப்படிக் கேட்பது?
– பென்னாகரம் வட்டம்

மருத்துவர்: அவர்கள் எதிரில் கேட்காதீர்கள். 'பார்த்தால் தெரியவில்லையா' என்று மாமியார் பதில் சொல்லி முடித்துவிடுவார். சிறுநீர்ப் பரிசோதனைதான் நல்ல சாக்கு. டப்பாவைக் கொடுத்து நீங்களும் கூடவே போங்கள். சுற்றிவளைக்காமல், 'வீட்டில் யாராவது அடிக்கிறார்களா? வயிற்றில் அடித்தார்களா? கழுத்தை நெரித்தார்களா?' என்று கேளுங்கள். கழுத்துக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். நெரித்த தடம் தோலில் தெரியாமலே போகலாம். குரல் கம்மியிருந்தாலோ, விழுங்க வலித்தாலோ, நெரித்தபோது நினைவு தப்பியிருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நெரிப்பவன் கொலை வரைக்கும் போகக்கூடியவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் சொன்னதைத் தாய் சேய் அட்டையில் எழுதாதீர்கள், அது கணவர் கையில்தான் இருக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் உண்டு. அங்கே நாத்தனாரை மொழிபெயர்க்க விடாமல் அங்கன்வாடி ஊழியரைக் கூப்பிடுங்கள். நல்லெண்ணத்தில் அடிக்கடி செய்யப்படும் தவறு, கணவரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வது. அன்று இரவே அதற்கும் சேர்த்து அந்தப் பெண்ணுக்கு அடி விழும்.

வழக்கறிஞர்: 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தவர் மீது வழக்கு வராது. ஆனால் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் கதை வேறு. கல்யாணம் ஆகியிருந்தாலும் அவரோடு உறவு கொண்டது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டப்படி, குற்றம். தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பெங்களூரில் கணவரோடு இருந்தேன். அடி தாங்காமல் ஐந்தாம் மாதத்தில் ஊத்தங்கரை அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கேஸ் போட பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா? நானாக வெளியே வந்ததால் உரிமை போய்விட்டது என்கிறார்கள்.
– வாசகி

வழக்கறிஞர்: போக வேண்டாம், உரிமையும் போகவில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் மன்றத்திலேயே மனு போடலாம். உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். நேரடியாகவும் போடலாம், கிருஷ்ணகிரி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 சட்ட உதவி எண்ணில் கேளுங்கள்.

முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், பிரசவமே முந்திவிடும். ஆகவே மனுவோடேயே இடைக்கால உத்தரவும் கேளுங்கள்: மருத்துவச் செலவு, மாதப் பராமரிப்பு, அவர் உங்களை நெருங்கவோ போனில் மிரட்டவோ தடை, அங்கே மாட்டிக்கொண்ட நகை, ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாமியார் அடித்திருந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். ஊர்ப் பெரியவர்கள் வெற்றுப் பேப்பரில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

இரண்டும் பெண். மூன்றாவது என்னவென்று பார்த்துக் கலைக்கச் சொல்லி அடிக்கிறார்கள். நானும் மாட்டிக்கொள்வேனா?
– அரூர் அருகிலிருந்து

வழக்கறிஞர்: மாட்டமாட்டீர்கள். கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் கர்ப்பிணி அந்தப் பரிசோதனைக்கு வந்தார் என்று, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டம் அனுமானிக்கிறது. அதை மறுத்து நிரூபிப்பது அவர்கள் வேலை. உங்கள் சம்மதமில்லாமல் கலைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 89-ம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகும். 181 மகளிர் உதவி எண்ணில் சொல்லுங்கள், இரவிலும் எடுப்பார்கள். தங்க இடம் வேண்டுமென்றால் ஒருங்கிணைந்த சேவை மையத்தைக் கேளுங்கள்.

மருத்துவர்: மருந்துக்கடையில் வாங்கி வந்த மாத்திரையைக் கொடுத்தால் விழுங்காதீர்கள். ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், ரத்தம் வருகிறதோ இல்லையோ, மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.