உண்ணிக் காய்ச்சலுக்குப் பிறகு எச்.எல்.எச்.: திரும்ப வருமா, ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. ராணிப்பேட்டை மாவட்டத்தில் விவசாயம் செய்கிறார். கார்த்திகையில் கடுமையான காய்ச்சல் வந்தது. டெங்கு இல்லை என்றார்கள். வைடால் டெஸ்ட் பார்த்து டைஃபாய்டு என்று ஐந்து நாள் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போட்டும் 103 டிகிரி குறையவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சுவாங்க ஆரம்பித்ததும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே அக்குளில் கறுப்பாக இருந்த ஒரு பொருக்கைப் பார்த்துவிட்டு ஸ்க்ரப் டைபஸ் என்றார்கள். ஹீமோகுளோபின் 8.4, பிளேட்லெட் 38,000, ஃபெரிட்டின் 11,400, டிரைகிளிசரைடு 342, மண்ணீரல் வீக்கம். எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டு எச்.எல்.எச். என்று ஒன்று சேர்ந்திருக்கிறது என்றார்கள். ஐ.சி.யூ.வில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், டெக்ஸாமெதசோன் கொடுத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார், ஸ்டீராய்டு மாத்திரை தொடர்கிறது. இது ரத்தப் புற்றுநோயா? திரும்ப வருமா? எங்களுக்கும் மரபணு டெஸ்ட் வேண்டுமா? மீதமுள்ள ரத்தம், மஜ்ஜை மாதிரிகளை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளவும், ஆறு மாதத்தில் இரண்டு முறை 10 மி.லி. ரத்தம் எடுக்கவும் கையெழுத்துக் கேட்கிறார்கள். மறுத்தால் சிகிச்சை கெடுமா?

பதில்: புற்றுநோய் இல்லை. எச்.எல்.எச். என்பது நம் தற்காப்பு அணுக்கள் கட்டுமீறி நம் ரத்த அணுக்களையே விழுங்கும் கோளாறு. உங்கள் அப்பாவுக்கு எதனால் வந்தது என்று தெரிந்துவிட்டது, அதற்குரிய மருந்தும் கொடுத்தாகிவிட்டது. இப்படி ஒரு தொற்று தூண்டிவிட்ட எச்.எல்.எச்., தொற்று தீர்ந்தபின் பெரும்பாலும் திரும்புவதில்லை. உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ இப்போது மரபணுப் பரிசோதனை தேவையில்லை. கையெழுத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஸ்க்ரப் டைபஸை நாளிதழ்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு புடைத்துக் கிடக்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைப் பரப்புவது ஒரு மிகச் சிறிய சிலந்திப்பூச்சியின் குஞ்சு. சுமார் 0.2 மி.மீ., ஆறு கால், வெறும் கண்ணுக்குச் சிக்காது, கடித்தாலும் தெரியாது. 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்ற பாக்டீரியா தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகிறது. அதனால் எலியை ஒழித்தால் மட்டும் நோய் ஒழியாது. புல்லும் புதரும் உள்ள இடத்தில் பூச்சியே அந்தக் கிருமியின் களஞ்சியம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, அப்பாவின் தட்டையும் துணியையும் தனியாக வைக்க வேண்டியதில்லை.

பூச்சி கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்பும் வரும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளி சொல்லவே மாட்டார். அதுவும் அக்குள், தொடையிடுக்கு, விதைப்பை, மார்புக்கு அடியில், வேட்டியோ பாவாடையோ இறுகும் இடுப்பு, காதுக்குப் பின்னால் என்று மறைவான இடமாகவே பார்த்து உட்காரும். ஐந்து நாளைக்கு மேல் காய்ச்சல் நீடிக்கும் எவரையும் துணியை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் முழு உடம்பையும் பார்த்தாக வேண்டும். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் இது நடப்பதே இல்லை என்பதுதான் பிரச்சினை. வீட்டில் நீங்களே பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லலாம். பாதிப் பேருக்குப் பொருக்கு இருக்காது, ஆகவே இல்லையென்றால் நோய் இல்லை என்று ஆகாது.

ஒன்பது நாள் ஏன் வீணானது? முதல் காரணம் வைடால். ஒரே ஒரு முறை எடுத்த வைடால், பழைய தொற்றாலோ வேறு காய்ச்சலாலோ 'பாசிட்டிவ்' காட்டும். டைஃபாய்டை உறுதி செய்ய, ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுத்த ரத்தக் கல்ச்சர் வேண்டும். இரண்டாவது, செஃப்ட்ரியாக்ஸோன் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் மருந்து. ஓரியன்ஷியா நம் ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களுக்குள்ளேயே புகுந்து வாழும் கிருமி, வழக்கமான செல்சுவரும் அதற்கு இல்லை. எத்தனை ஊசி போட்டாலும் பலன் இருக்காது. சாதாரண ரத்தக் கல்ச்சரிலும் அது வளராது. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா ஐந்து முதல் ஏழு நாளுக்குப் பிறகே தெளிவாக வரும். முதல் வாரத்தில் எலைசா 'நெகட்டிவ்' என்று நிம்மதி அடைந்தால் ஏமாந்துபோவோம். அந்த நேரத்தில் கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை ரத்தத்தில் செய்தால் உதவும். பொருக்கைச் சுரண்டி எடுத்து அதில் பி.சி.ஆர். செய்வது இன்னும் நல்லது.

டெங்கு, மலேரியா இல்லை, பொருக்கு இருக்கிறது அல்லது வயல்வேலை செய்பவர், பிளேட்லெட் குறைந்து கல்லீரல் என்சைம் ஏறியிருக்கிறது என்றால் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலை, இரவு என்று உடனே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். சரியான நோய் என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் நோயைத் தப்பாகப் புரிந்துகொண்டோம், அல்லது உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது போல வேறு ஒன்று சேர்ந்துகொண்டது.

அந்த வேறு ஒன்றுதான் ஹீமோபேகோசைடிக் லிம்போஹிஸ்டியோசைட்டோசிஸ், சுருக்கமாக எச்.எல்.எச். கிருமியைக் கண்டதும் தற்காப்பு அணுக்கள் விழித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அவற்றை அடக்கிவைக்க உடலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது வேலை செய்யாவிட்டால் விழுங்கணுக்கள் வெறிபிடித்தது போல நம் சிவப்பணு, வெள்ளணு, தட்டணுக்களையே விழுங்க ஆரம்பிக்கும். மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தவர் கண்டது அதைத்தான். பச்சிளங்குழந்தைகளில் பெர்ஃபோரின் போன்ற மரபணுக்களின் குறையால் இது வரும். 58 வயதில், தெளிவான ஒரு தொற்றோடு வந்தால் அந்த வழியில் தேடத் தேவையில்லை. மீண்டும் ஒரு முறை வந்தால் மட்டும் மரபணுவை யோசிப்போம்.

2004-இல் வகுத்த அளவுகோலில் எட்டு அம்சங்கள், ஐந்து பொருந்தினால் எச்.எல்.எச். உங்கள் கடிதத்திலிருந்தே எண்ணிவிடலாம். காய்ச்சல் ஒன்று. மண்ணீரல் வீக்கம் இரண்டு. ஹீமோகுளோபின் 9-க்குக் கீழ், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ், ஆக இரண்டு வகை அணுக்கள் குறைந்தது மூன்று. டிரைகிளிசரைடு 265-ஐத் தாண்டியது நான்கு (வெறும் வயிற்றில் எடுத்திருக்க வேண்டும்). ஃபெரிட்டின் (உடலில் இரும்பைச் சேமிக்கும் புரதம்) 500-க்கு மேல் இருந்தது ஐந்து. மஜ்ஜையில் ரத்த அணுக்களை விழுங்கிய விழுங்கணுக்கள் தெரிந்தது ஆறு. மீதி இரண்டும் என்.கே. என்ற தற்காப்புச் செல்லின் செயல்பாடு, ரத்தத்தில் கரைந்திருக்கும் சி.டி.25 என்ற புரதம். இவை நம் ஊரில் சில ஆய்வகங்களில்தான் உண்டு, அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஃபெரிட்டின் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் '10,000-ஐத் தாண்டினால் எச்.எல்.எச்.தான்' என்று படித்திருப்பீர்கள். அது குழந்தைகளை வைத்துச் சொன்னது. பெரியவர்களில் கல்லீரல் பாதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கடும் தொற்று எதிலும் அந்த அளவுக்கு ஏறும். தனி எண்ணை வைத்து முடிவெடுப்பதில்லை.

'எட்டோபோசைட் என்ற கீமோ மருந்து கொடுக்கவில்லையே' என்று யாராவது உங்களைக் குழப்பக்கூடும். கொடுக்காதது சரி. ஸ்க்ரப் டைபஸால் வரும் எச்.எல்.எச்.சில் கிருமியைக் கொன்றாலே பலர் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு ஸ்டீராய்டு சேர்க்க வேண்டியிருக்கும். மிச்சமிருக்கும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும் எட்டோபோசைட், இவை இரண்டுக்கும் அடங்காதவர்களுக்கு மட்டும். நோயின் பெயர் அபூர்வமானது என்பதற்காகச் சிகிச்சையும் அபூர்வமாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டு ஆன்டிபயாடிக் எதற்கு என்பதற்கு நம் நாட்டு மருத்துவமனை ஆராய்ச்சியே பதில். வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 'இன்ட்ரெஸ்ட்' என்ற ஆய்வு நடந்தது. உறுப்பு பாதிப்போடு வந்த சுமார் 800 கடுமையான நோயாளிகளை மூன்று பிரிவாகக் குலுக்கிப் பிரித்து, நரம்பு வழியாக டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என ஏழு நாள் கொடுத்தார்கள். முடிவு 2023-இல் வெளியானது. 28 நாளுக்குள் மரணம், ஏழாம் நாளும் தீராத உறுப்பு பாதிப்பு, ஐந்தாம் நாளும் இறங்காத காய்ச்சல், இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் தனி மருந்துகளில் 47, 48 சதவீதம். இரண்டும் சேர்ந்த பிரிவில் 33 சதவீதம். ஒன்று கிருமியின் ரைபோசோமின் சிறு பகுதியையும் மற்றது பெரும் பகுதியையும் பிடிப்பதால், கிருமி புரதம் செய்ய வழியில்லாமல் போகிறது. மரண விகிதத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதாரணக் காய்ச்சலோடு வருபவருக்கு ஒரு மருந்தே போதும்.

இனி வீட்டில். டெக்ஸாமெதசோனை 'காய்ச்சல்தான் போய்விட்டதே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், எச்.எல்.எச்.சும் மீண்டும் தலைதூக்கலாம். எழுதிக்கொடுத்த தேதிப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இந்த மருந்தால் சர்க்கரை ஏறும். காலையில் மாத்திரை போட்டால் மாலையில்தான் அதிகம் தெரியும், ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது. வெறுங்காலோடு சேற்றில் வேலை செய்தவர் என்பதால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழுவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அது தோல் வழியாக நுழைந்து பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும், ஸ்டீராய்டு கிடைத்தால் உடல் முழுக்கப் பெருகி உயிரையே எடுக்கும். அதற்கு ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து. டாக்சிசைக்ளின் மாத்திரை இன்னும் மிச்சமிருந்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கட்டும். தொண்டைக்குக் கீழே ஒட்டினால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்பு, கால்சியம், ஜெலுசில் வகை, பால் இவற்றோடு சேர்த்தால் மருந்து உடலில் சேராது, இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஸ்டீராய்டு குறையும் காலத்தில் ரத்த அணு எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது. ஃபெரிட்டின் மெதுவாகத்தான் இறங்கும். 11,400-லிருந்து 3,000, பிறகு 900 என்று போய்க்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புதிதாக ரத்தக்கசிவு, மஞ்சள் காமாலை, குழப்பமான பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கையெழுத்து விஷயம். மறுத்தால் சிகிச்சை மாறக் கூடாது, மாற்றினால் அது விதிமீறல். ஒப்புக்கொண்டபின் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். 10 மி.லி. என்பது இரண்டு டீஸ்பூன், அதனால் அப்பா சோர்ந்துவிட மாட்டார். ரத்த தானத்திலேயே 350 மி.லி. எடுக்கிறார்கள். மீதி மாதிரியை ஏன் கேட்கிறார்கள் என்றால், ஸ்டீராய்டு தொடங்குமுன் எடுத்த ரத்தம் இனிக் கிடைக்காது. ஒரே கிருமி நூறு பேரைத் தாக்கினாலும் சிலருக்கு மட்டும் எச்.எல்.எச். ஏன் வருகிறது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. ஒரு மருத்துவமனைக்கு வருடத்துக்குச் சிலர்தான் இப்படி வருவார்கள்.

என்னைக் கேட்டால் சம்மதிக்கலாம் என்பேன், ஆனால் படித்துவிட்டு. தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். ஆராய்ச்சிக்கான டெஸ்டுக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. மரபணு ஆய்வுக்கும், மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும், பிற்கால ஆய்வுகளுக்கு வைத்துக்கொள்வதற்கும் தனித்தனியே ஆம், இல்லை சொல்ல இடம் இருக்கிறதா பாருங்கள். மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. (மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள், 2009 ஜூன் முதல் அது கட்டாயம். தாளில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும், சந்தேகம் வந்தால் ஆராய்ச்சியாளரை விட்டு நேரே அங்கே கேட்கலாம். முக்கியமாக, கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள் இல்லை, அப்பா. ஐ.சி.யூ.வில் நினைவின்றிக் கிடந்தபோது அவருக்காக நீங்கள் எதிலாவது கையெழுத்திட்டிருந்தால், தெளிந்தபின் அவரிடம் மறுபடி கேட்டிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக்காட்டி, கைரேகை வாங்க வேண்டும். அவருடைய கதையை மருத்துவ இதழில் எழுதவும், அக்குள் பொருக்கின் படத்தைப் போடவும் தனியாகச் சம்மதம் வேண்டும்.

அப்பா மீண்டும் வயலுக்குப் போகலாம், ஸ்டீராய்டு முடிந்தபின். ஸ்க்ரப் டைபஸ் ஒரு முறை வந்ததால் இனி வராது என்று நினைக்காதீர்கள். கிருமியில் பல ரகங்கள், ஒன்றுக்கு எதிரான தற்காப்பு மற்றதைத் தடுக்காது, தடுப்பூசியும் இல்லை. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நம் பக்கம் நோய் உச்சம். முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய பேண்ட், வெளியே தெரியும் தோலில் 'டீட்' கலந்த பூச்சி விரட்டி. புல்மேல் நேராக உட்காராமல் சாக்கோ தார்ப்பாயோ விரித்துக்கொள்ளட்டும், துவைத்த துணியை வேலிச்செடிமேல் உலர்த்த வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தேய்த்துக் குளித்து, அன்று உடுத்தியதை அன்றே துவைக்கப் போடுங்கள். பூச்சிக்குஞ்சு ஒட்டிய உடனே கிருமியைச் செலுத்திவிடாது, அதற்குச் சில மணி நேரமாவது பிடிக்கும். வயலிலிருந்து வந்ததும் போடும் அந்தக் குளியல் இரவு சாப்பாட்டுக்குப் பின் என்று தள்ளிப்போக வேண்டாம்.