மறந்த வரியை மறக்காத பாடகர்

கேள்வி: கொழும்பு ரொக் குழு ஒன்றின் பைத்தியம் நான். அவர்களைக் கேட்கவென்றே மட்டக்களப்பிலிருந்து இரவுக் கோச்சியில் ஏழு தடவை போயிருக்கிறேன். போன மாதமும் அதே பாட்டு வரிசை, அதே பகிடி, "சத்தம் காணாது" என்று அதே இடத்தில் அதட்டல். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். முதல் தடவை பாடகர் இரண்டாம் சரணத்தில் வரியை மறந்துவிட்டுச் சிரித்தார். சபையே பாடி எடுத்துக் கொடுத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழு தடவையும் அதே வரியில்தான் மறக்கிறார், ஐயா! "அந்தக் காசுக்கு ஒரு ஃபேன் வாங்குங்க" என்கிறா மனிசி. என்ன செய்யட்டும்?
— கோச்சி ரசிகன், கல்லடி

பதில்: ஃபேனை வாங்குங்கள், இந்த வெக்கைக்கு வேணும்.

பாட்டு வரிசைக்காக அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் திருவிழா மேடைகளில் பத்து வருடம் கீபோர்ட் தட்டியவன் நான். பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதி ஒட்டிய ஒரே வரிசையைத்தான் களுவாஞ்சிக்குடியிலும் வாசித்தோம், அக்கரைப்பற்றிலும் வாசித்தோம். ஊர் மாறும், மட்டை மாறாது.

பெரிய மேடையில் பிடி இன்னும் இறுக்கம். ட்ரம்ஸ்காரரின் காதில் தாளம் பிசகாமலிருக்க 'டிக், டிக்' என்று ஒரு கிளிக் ஓடும். திரையில் வரும் படம், லைட், முன்பே பதிந்து வைத்த வயலின் எல்லாம் பல குழுக்களில் அதோடு பூட்டப்பட்டிருக்கும். ஆசை வந்ததென்று பாடகர் ஒரு சரணத்தை இன்னொரு தரம் எடுத்தால், திரை தன்பாட்டில் போய்விடும். நம் வடமோடிக் கூத்தின் கதையும் எல்லாருக்கும் மனப்பாடம்தான். இருந்தும் விடியும்வரை பாயில் குந்தியிருக்கிறோம். அங்கே கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் ஆட்டக்காரரின் காலைப் பார்த்தல்லவா மத்தளம் அடிக்கிறார்!

மாற்றி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிஷ் குழு 2017-இல் நியூயோர்க் மெடிசன் ஸ்குவேர் கார்டனில் 13 இரவு வாசித்தது. ஒரு பாட்டைக்கூடத் திருப்பி எடுக்கவில்லை. அவர்களுடைய ரசிகர்கள் உங்களைப் போலத் திரும்பத் திரும்ப வருகிறவர்கள். உங்கள் குழுவின் மண்டபத்திலோ, பக்கத்துக் கதிரைப் பிள்ளைக்கு அது முதல் தடவையாக இருந்திருக்கும்.

சரி, மறதிக்கு வருவோம். முதல் தடவை மறந்தது உண்மையாகவே இருக்கலாம். மற்ற ஆறும் நடிப்பு. உங்கள் கோபம் நியாயம், ஆனால் கூடச் சேர்ந்து திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருடம் காரைதீவில் பாட்டின் நடுவில் கரண்ட் போனது. ட்ரம்ஸை மட்டும் அடித்தோம், சனம் பாடி முடித்தது. அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அடுத்த வருடம் அட்வான்ஸைக் கையில் தரும்போதே உபயகாரர், "தம்பி, அந்தக் கரண்ட் போறதையும் வைங்க" என்றார். வைத்தோம். ஜெனரேட்டர்காரருக்குக் கண்ணைக் காட்டினேன், மேடை இருண்டது. முன்வரிசையிலிருந்து ஒரு பொடியன் கத்தினான்: "போன வருசமும் இந்தப் பாட்டிலதானே போனது!"