ஜாக்கி வைத்தால் கதவு இறுக்குகிறதா? பழைய மஸ்டாங்கை வலுப்படுத்தும் முறை

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். 1966 ஃபோர்டு மஸ்டாங் கூபே (நிலையான கூரையுள்ள இரு கதவுக் கார்) ஒன்றை முழுக்கப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு சிலிண்டராக வந்த கார். முன்பு வைத்திருந்தவர் 302 வி8 என்ற எட்டு சிலிண்டர் இன்ஜினை ஏற்றிவிட்டார். பிரிப்பதற்கு முன், ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அந்தப் பக்கக் கதவு இறுக்கிக்கொள்ளும். பட்டறைக்காரர் சப்ஃபிரேம் கனெக்டர் போடச் சொல்கிறார். வெல்டு செய்வதா, போல்ட் போடுவதா? பாடி இப்போது சுழல் ஸ்டாண்டில் இருக்கிறது, அப்படியே வைத்துவிடலாமா? காரின் மதிப்பு குறையுமா?

பதில்: கனெக்டர் நல்ல யோசனைதான். வெல்டு செய்வதே மேல். ஆனால் ஸ்டாண்டில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே வளைந்திருக்கிற பாடிக்குக் கனெக்டர் வைத்தால், அந்த வளைவு நிரந்தரமாகிவிடும்.

முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அதே காலத்துச் செவர்லே செவெலுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடி அதன்மேல் உட்காரும். மஸ்டாங்குக்கு அது கிடையாது. ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் அடித்தளத்தை எடுத்து ஃபோர்டு 1964இல் கொண்டுவந்த கார் இது, பாடியேதான் சேசிஸ். இன்ஜினைத் தாங்கும் முன்சட்டங்கள் இரண்டும் முன்சீட்டின் அடியில் முடிந்துவிடும். பின்சட்டங்கள் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனைப் பக்கம்தான் தொடங்கும். இடையில் தாங்குவது சுமார் 1 மில்லிமீட்டர் தளத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் என்ற பெட்டிச் சட்டமும்தான். தலைமாடும் கால்மாடும் இருந்து, நீளச்சட்டம் இல்லாமல் பலகையை மட்டும் அடித்து நிறுத்திய கட்டில் மாதிரி. அந்த நீளச்சட்டம்தான் கனெக்டர்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். புதிதாக விற்றபோது இந்தக் கார்கள் கனெக்டர் இல்லாமலேதான் ஓடின; ஜாக்கி வைத்தாலும் கதவு திறந்தது. உங்கள் கதவு இறுக்குகிறது என்றால் எங்கோ தகடு அரித்திருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

இந்த மாடலில் துருவின் ஊற்று கௌல். முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகத் துளைகள் இருக்கின்றனவே, அதன் அடியில் உள்ள பெட்டி. இலையும் சேறும் அதில் தேங்கி, காற்றுக் குழலைச் சுற்றியுள்ள தகடு அரித்து, மழைநீர் ஓட்டுநரின் காலடியில் சொட்டும். ஒரு வாளித் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரங்களில் உள்ள வடிகால் வழியே வெளியேறினால் சரி. உள்ளே சொட்டினால், தளத் தகடும் ராக்கரின் முன்முனையும் நிச்சயம் அடிபட்டிருக்கும். ராக்கரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். பட்டிக்கு மேல் எந்தக் கனெக்டரும் நிற்காது.

தகட்டை வெட்டி மாற்றுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து டேக் வெல்டு (பிறகு எளிதில் எடுத்துவிடக்கூடிய சின்னப் புள்ளி வெல்டு) போடுங்கள். கூபேக்கு இது தேவையில்லை என்பவர்கள் உண்டு; தளம் முழுவதையும் எடுக்கும்போது கூரையை மட்டும் நம்ப முடியாது. முன்சட்டத்தையும் ராக்கரையும் இணைக்கும் டார்க் பாக்ஸையும் இதே கட்டத்தில் பாருங்கள். கூரையை மடக்கும் கன்வெர்ட்டிபிளுக்கு இருபுறமும் அதை ஃபோர்டே வைத்தது. கூபேக்கும் வாங்கிப் பொருத்தலாம். கனெக்டருக்குச் சமமாக உதவும் என்பது என் கருத்து.

துரு வேலை முடிந்ததும் அளவு. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். சட்டங்களில் ஃபோர்டு போட்ட துளைகள் இடமும் வலமும் ஒரே இடத்தில் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் அது தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். இடது முன்புள்ளியிலிருந்து வலது பின்புள்ளிக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், வெல்டிங் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, பாடியை இழுத்து நேராக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

அளவு சரியென்றால் சஸ்பென்ஷன், இன்ஜின், கியர்பாக்ஸ், கதவுகளை மாட்டி, சமதளத்தில் கார் தன் எடையில் தன் சக்கரங்களில் நிற்கட்டும். கதவின் முன்பின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். அப்புறம்தான் கனெக்டர். 2 அங்குலச் சதுரக் குழாய், சுவர்த் தடிப்பு 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். அதைவிடக் கனமானதால் எடைதான் கூடும். மிக் வெல்டிங்கில் ஒரே ஓட்டாக நீளமாக ஓட்டாதீர்கள். அங்குலம் அங்குலமாக, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று. நடுநடுவே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் அந்த வழியாகத்தான் போகிறது. குழாயில் உரசாமல் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காரில் பெட்ரோல் டேங்கின் மேல்பரப்புதான் டிக்கியின் தரை. தனியாக ஒரு தகடு இடையில் இல்லை. வெல்டிங்குக்கு முன் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள், பேட்டரியையும் எடுத்துவிடுங்கள்.

போல்ட் விஷயத்துக்கு வருகிறேன். போல்ட் போட்டால் மெல்லிய தகட்டில் துளை நாளடைவில் நீள்வட்டமாகும், பிடிப்பு போகும். ஒரிஜினல் நிலையில் கண்காட்சிக்கு அனுப்பும் காருக்கு மட்டும் அதைச் சொல்வேன், கழற்றிவிடலாமே. உங்கள் காரில் இன்ஜினே மாறியாயிற்று. ஒழுங்காகச் செய்த கனெக்டரைப் பார்த்து விலையைக் குறைப்பவரைவிட, அரித்த ராக்கரைப் பார்த்துக் குறைப்பவர்தான் அதிகம்.

முன்பக்கத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வி8 என்பதால் சொல்ல வேண்டும். இதில் சுருள் ஸ்பிரிங், முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரு கைகளில் மேலே உள்ள மேல் ஆர்மின்மீது உட்காருவதால், காரின் முன்பாரம் முழுவதும் இரண்டு ஷாக் டவர்களை, அதாவது ஸ்பிரிங்கின் மேல்முனையைத் தாங்கும் தகட்டுக் கூடுகளை, உள்பக்கமாகச் சாய்க்கும். கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து, மேல் ஆர்ம் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் பாருங்கள். டவரையும் கௌலையும் இணைக்கும் இரு தனித்தனிக் கம்பிகளுக்குப் பதில், வெளிநாட்டுக்கு அனுப்பிய கார்களுக்கு ஃபோர்டு ஒரே துண்டாக ஒன்று வைத்தது. எக்ஸ்போர்ட் பிரேஸ் என்பார்கள். மஸ்டாங்கின் வேக வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350இலும் அதுதான், கூடவே டவருக்கு டவர் குறுக்கே மான்டே கார்லோ பார். இரண்டும் போல்ட்டில் மாட்டுவதுதான். பிரேஸின் துளைகள் பொருந்தாவிட்டால் பாகத்தில் குறை என்று துளையை ராவிப் பெரிதாக்காதீர்கள். டவர் உள்ளே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விரிசலைச் சரிசெய்துவிட்டு, ஹைட்ராலிக் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிய பிறகு மாட்டுங்கள். இன்ஜினுக்கு அடியில் இரு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் பேன் கழற்றும்போது எடுத்துவிட்டு, திரும்ப மாட்டாமல் விட்ட கார்கள் நிறைய.

சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ணிப் பாருங்கள். 4 என்றால் ஆறு சிலிண்டர் காரின் சின்ன டிரம் பிரேக் அப்படியே இருக்கிறது. வி8 கார்களுக்கு 5. கனெக்டர் வாங்கும் பணத்தில் முதலில் அதை மாற்றுங்கள்.