ஐந்து மாதச் சேமிப்பை ஒரே நாளில் கூடாரத்தில் போடலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. போன வருடம் நண்பர் குடும்பத்திடம் கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு முறை முகாமுக்குப் போய் வந்தோம். அதிலிருந்து பிள்ளைகளுக்கு இதே பேச்சு. இனி வருடத்துக்கு மூன்று முறை, தலா இரண்டு இரவு போக ஆசை. கணவர் கடைக்குப் போய் ஒரு பட்டியலே போட்டு வந்துவிட்டார்: ஆறு பேர் கூடாரம், நான்கு ஸ்லீப்பிங் பேக், காற்று மெத்தைகள், மடக்கு மேசை, நாற்காலிகள், இரட்டை அடுப்பு, பெரிய ஐஸ் பெட்டி, விளக்குகள். மொத்தம் எங்கள் மாதச் சேமிப்பைப் போல ஐந்து மடங்கு. 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டாம். ரொக்கமாகக் கொடுத்தால் 6 சதவீதம் தள்ளுபடி. "ஒரே தடவை நல்லதாக வாங்கிவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, மறுத்துச் சொல்லக் கணக்கும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் அந்தப் பத்து வருடத்திலேயே இருக்கிறது. பத்து வருடத்தில் மகனுக்கு 19 வயது, மகளுக்கு 15. நான்கு பேரும் ஒரே கூடாரத்தில் ஒட்டிப் படுத்துக் கதை பேசும் காலம் அவ்வளவு நீளாது. பதினைந்து வயசுப் பையன் தனிக் கூடாரம் கேட்பான், அல்லது நான் வரவில்லை என்று விடுவான். ஆறு பேர் கூடாரம் பரணுக்குப் போகும். குடும்பக் கூடாரத்தின் ஆயுளைத் துணி எவ்வளவு உழைக்கும் என்று பார்த்துக் கணக்கிடுவதைவிட, பிள்ளைகளின் வயதைப் பார்த்துக் கணக்கிடுவதே சரி.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். நல்ல கூடாரத்தின் விலையை 36 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு விலையில், அதாவது 12 பங்கில், ஒரு சுமாரான கூடாரம் கிடைக்கிறது, இரண்டு வருடம்தான் தாங்கும் என்போம். நீங்கள் வருடத்துக்கு 6 இரவு போகிறீர்கள். சுமாரான கூடாரம் 12 இரவு உழைக்கும், ஓர் இரவுக்கு ஒரு பங்கு. நல்ல கூடாரம் அதே செலவுக்கு இறங்கி வர 36 இரவு ஆக வேண்டும், அதாவது 6 வருடம். அப்போது உங்கள் மகனுக்கு 15! விலை கூடியதை வாங்கினால் கடைசியில் மலிவுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். வருடத்துக்கு 20 இரவு வெளியில் தூங்குகிறவர்களுக்கு அது உண்மை. 6 இரவுக்காரர்களுக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது.

இதற்காக மழையில் ஒழுகும் கூடாரத்தை வாங்கச் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தவணையை முதலில் முடித்துவிடலாம். 100 என்று விலை போட்டிருப்பதை ரொக்கத்துக்கு 94க்குத் தருகிறார்கள் என்றால், அதன் உண்மையான விலை 94. தவணையில் போனால் மாதம் 8.33 வீதம் 12 மாதம் கட்டி 100 கொடுக்கிறீர்கள். அந்த 6தான் வட்டி, பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். 94க்கு 6 என்றால் ஆறரை சதவீதத்துக்கும் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் கடன் முழுசாக ஒரு வருடம் உங்கள் கையில் இருப்பதில்லை, மாதாமாதம் கரைகிறது. முதல் தவணையை ஒரு மாதம் கழித்துக் கட்டுவதாக வைத்தால் வருட வட்டி சுமார் 11.5 சதவீதம் ஆகிறது. செயலாக்கக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தால் இன்னும் ஏறும். பொழுதுபோக்குக்கு இந்த வட்டியில் கடன் வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. அதைவிட இன்னொரு தொந்தரவு உண்டு. தவணை ஓடிக்கொண்டிருக்கும் 12 மாதமும் மாதச் சேமிப்பில் பாதிக்கு மேல்… இல்லை, சரியாகச் சொல்கிறேன்: 5 மாதச் சேமிப்பை 12ஆல் வகுத்தால் மாதம் 42 சதவீதம் அங்கே போய்விடும். அப்புறம் முகாமுக்குப் போக எரிபொருளுக்கும் இடக் கட்டணத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? சாமான் வீட்டில் இருக்கும், போகத்தான் காசு இருக்காது. இப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

என் யோசனை இது. அவசரத் தேவைக்கான கையிருப்பு தனியாக இருக்கிறது என்றால் மட்டும், மாதச் சேமிப்பில் 15 சதவீதத்தை இதற்கென ஒரு தனிக் கணக்கில் போடுங்கள். பயணச் செலவு இதில் சேராது, அது வேறு உண்டியல். நான்கு மாதத்துக்கு ஒரு பயணம் என்றால், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கையில் 0.6 மாதச் சேமிப்பு இருக்கும். அதற்குள் அடங்கியதை மட்டும் வாங்குங்கள். மூன்று வருடத்தில் 5.4 மாதச் சேமிப்பு சேர்ந்துவிடும், பட்டியல் முழுவதையுமே வாங்கிவிடலாம். ஆனால் பாதியை வாங்காமலே விட்டுவிடுவீர்கள் என்பது என் கணிப்பு.

எதிலிருந்து தொடங்குவது? தரையிலிருந்து.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் கணவரைப் போலத்தான் நானும் முதலில் பெரிய கூடாரம் வாங்கினேன், கூடவே ஒரு சாண் உயரத்துக்கு ஊதும் காற்று மெத்தை. கூடாரத்துக்குள் நின்றுகொண்டே சட்டை மாற்றலாம், பெருமை தாங்கவில்லை. இரவு மூன்று மணிக்குக் கண் விழித்தால் முதுகு ஜில்லென்று இருக்கிறது, பக்கத்தில் மனைவியும் மகளும் இல்லை. வெளியே வந்து பார்த்தால், காரின் பின்சீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டு மனைவி உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடி முழுக்க மூச்சு ஆவி. மெத்தைக்குள் இருந்த அத்தனை காற்றும் தரையின் குளிருக்குக் குளிர்ந்து, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அடுத்த பயணத்துக்கு ஆளுக்கொரு ஃபோம் பாய் வாங்கினேன். கூடாரத்தின் விலையில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. எல்லோரும் விடியும்வரை தூங்கினோம்.

படுக்கும் பாயில் பார்க்க வேண்டியது ஆர்-மதிப்பு என்ற எண். தரைக்கு உடம்புச் சூடு போகாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறைப்படி அளந்திருந்தால், ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடலாம். சாதாரண ஃபோம் பாய் 2ஐ ஒட்டி இருக்கும், வெதுவெதுப்பான மாதங்களுக்கு அது போதும். தண்ணீர் உறையும் குளிருக்கு 4ஐ ஒட்டி வேண்டும். உங்களைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்ப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: ஒன்றின் மேல் ஒன்று விரித்தால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். இந்த வருடம் ஃபோம் பாய், குளிர் இடத்துக்குப் போக ஆசை வந்தால் அடுத்த வருடம் அதன் மேல் இன்னொன்று. முதலில் வாங்கியது வீணாகாது.

ஸ்லீப்பிங் பேக் இப்போதைக்குப் பெரியவர்கள் இருவருக்கு மட்டும். பிள்ளைகள் வளர்கிறார்கள், சூடான மாதங்களில் வீட்டுக் கம்பளியே போதும். பையின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்த வெப்பநிலையை நம்பி வாங்காதீர்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பைகளில் மூன்று எண்கள் இருக்கும்: சுகமாகத் தூங்கும் அளவு, தாக்குப்பிடிக்கும் கீழ் அளவு, உயிர் தப்பும் அளவு. விளம்பரத்துக்கு எது வசதியோ அதைப் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண். குழந்தைகளின் பைகளுக்கு இந்தத் தரம் பொருந்தாது, ஆகவே அவற்றின் எண்களை இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள். பிற்பாடு மகனுக்கு வாங்கும்போது பெரியவர் அளவுப் பையையே வாங்கிக் கால்பக்கம் மீந்திருப்பதைக் கயிற்றால் கட்டிவிட்டால், அவன் வளர வளர அவிழ்த்துக்கொண்டே போகலாம். ஒரே பை பத்து வருடம் வரும். கணவரின் பத்து வருடக் கணக்கு பலிப்பது இங்கேதான்.

இனி கூடாரம். முதல் வருடம் வாடகைக்கு எடுங்கள், அல்லது அந்த நண்பரிடமே கேளுங்கள் (திருப்பிக் கொடுக்கும்போது காயவைத்துக் கொடுங்கள்). ஒரு பயணத்துக்கு வாடகை, விலையில் பத்தில் ஒரு பங்கு என்றால் மூன்று வருடத்தில் 9 பயணத்துக்குக் கிட்டத்தட்ட முழு விலையும் போய்விடும். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் பத்தில் மூன்று பங்குதான், அந்தக் காசுக்கு மூன்று விதமான கூடாரங்களில் படுத்துப் பார்த்துவிடலாம். வாங்கும் நேரத்தில் 'ஆறு பேர்' அளவு என்ற விஷயத்தில் கணவர் சொல்வது சரி. நான்கு பேர் கூடாரம் என்றால் நான்கு பாய்களை இடைவெளியில்லாமல் விரிக்கலாம் என்று மட்டுமே அர்த்தம், மூட்டை முடிச்சுகளுக்கு இடமிருக்காது. மழைக்கான மேல்விரிப்பு தரைவரை இறங்குகிறதா, தையல்களில் டேப் ஒட்டியிருக்கிறதா, நீர்த்தடுப்பு அளவு (ஒழுகாமல் துணி தாங்கும் தண்ணீரின் உயரம்) மேல்துணிக்கு 1500 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் நடுத்தர விலைக் கூடாரமே உங்கள் பிள்ளைகளின் வயதுக்குப் போதும்.

பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. பலர் ஒருமுறை போய்விட்டு ஆசை விட்டுப்போய் விற்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய்ப் பிரித்து, உள்ளே தலையை விட்டு மோந்து பாருங்கள். வாந்தி எடுத்தது போலப் புளித்த வாடை வந்தால், அல்லது உள்பூச்சு விரலில் பிசுபிசு என்று ஒட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்துபோன அடையாளம் அது, எதைத் தடவினாலும் பழையபடி ஆகாது. ஈரத்தோடு சுருட்டி வைத்த கூடாரங்களுக்கு வரும் கதி இது. நீங்கள் வாங்கப்போவதற்கும் இதே கதி வரலாம். ஞாயிறு இரவு களைத்துப்போய் வீடு திரும்பினாலும் அதைக் கொடியில் விரித்துவிட்டுத் தூங்குங்கள். நாற்காலி, பாத்திரம், ஐஸ் பெட்டி எல்லாம் பழையதாக வாங்கலாம். ஸ்லீப்பிங் பேக்கைப் பல வருடம் அமுக்கிக் கட்டி வைத்திருந்தால் உள்பஞ்சு உப்பாது, அதைத் தொடாதீர்கள். கேஸ் அடுப்பும் புதிதாகவே இருக்கட்டும்.

அடுப்பு ஒற்றை பர்னர் போதும், பாத்திரங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து. எவ்வளவு மழை பெய்தாலும் அதைக் கூடாரத்துக்குள் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். விளக்குக்கு ஆளுக்கொன்று, தலையில் மாட்டும் ஹெட்லாம்ப். ஐந்து வயசுப் பிள்ளையை நள்ளிரவில் கழிப்பறைக்குக் கூட்டிப் போகும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஐஸ் பெட்டி, மேசை, நாற்காலிகளில் நான் பயப்படுவது அவற்றின் விலைக்காக அல்ல. பெரிய ஐஸ் பெட்டி வந்தால் காரின் டிக்கி நிறைந்துவிடும். மேசைக்கு இடமில்லாமல் கூரைமேல் ஒரு பெட்டி வேண்டும். அதற்கு முதலில் கம்பிகள் மாட்ட வேண்டும். ஒரு சாமான் இன்னொரு சாமானைக் கூட்டிக்கொண்டு வரும், வீட்டில் வைக்கவும் இடம் கேட்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், டிக்கியில் போடுவதையும் அளந்துதான் போட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு பயணமும் முடிந்து வந்த மறுநாள் ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எடுத்துப் போய் ஒருமுறைகூடத் தொடாதது, இல்லாமல் தவித்தது, அதற்கு அங்கே எதை வைத்துச் சமாளித்தோம். மூன்றாவதுதான் முக்கியம், சமாளித்தது சுகமாகவே இருந்தால் அந்தப் பொருளை வாங்கத் தேவையில்லை. இரண்டு பயணம் தொடாததை விற்றுவிடுங்கள், அந்தப் பணம் அதே கணக்குக்குப் போகட்டும்.

கணவர் போட்டுவந்த பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள், ஆசையோடு எழுதியது. போன வருடம் நீங்கள் போன இரண்டு பயணங்களையும் நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரில் அது இல்லாமல் எந்த இரவு கெட்டது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். மடக்கு மேசைக்கு எதிரில் என்ன எழுதுகிறார் என்று எனக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.