மணி முதலில், கோடு பிறகு: மணி எம்பிராய்டரி கேள்வி பதில்

சொந்தமாக டிசைன் வரைந்து மணி வேலை செய்ய நினைக்கும் பெங்களூர்த் தோழிகள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (அல்சூர்): அக்கா, கப்பன் பார்க்ல பூக்குற ரோஸ் கலர் டபேபியா பூவை ப்ளவுஸ் கையில மணியால கொண்டு வரணும்னு ஆசை. நல்ல போட்டோ ஒண்ணு இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: போட்டோவைத் தள்ளி வைத்துவிட்டு, தைக்கப் போகும் மணியைக் கையில் எடுங்கள். 11/0 என்பது மணியின் அளவு எண்; அந்த மணியின் குறுக்களவு சுமார் 2 மி.மீ.; துளை வாக்கில் நீளம் சுமார் 1.4 மி.மீ. பென்சிலில் எவ்வளவு மெல்லிய கோடு போட்டாலும் துணியில் அது 2 மி.மீ. பட்டையாகத்தான் வரும். ஒரு இதழுக்கு இருபக்க ஓரம் இரண்டு வரிசை, நடுவில் நிரப்ப இரண்டு வரிசை என்று வைத்தால் 8 மி.மீ. அகலம். அதற்குக் கீழே போனால் இதழ் இதழாகத் தெரியாது. ஐந்து இதழும் நடுவும் சேர்த்து, பூ 4 செ.மீ. இருந்தால்தான் எடுப்பாக இருக்கும்.

போட்டோவை அந்த 4 செ.மீ. அளவிலேயே பிரின்ட் எடுங்கள். அதன் மேல் டிரேஸ் பேப்பர் வைத்து, 2 மி.மீ. முனையுள்ள மார்க்கரால் வரையுங்கள். மை ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பும் இடத்தில் மணியும் குழம்பும். டபேபியா இதழின் ஓரச் சுருக்கங்கள் அங்கேதான் மாட்டும். எல்லாவற்றையும் காட்ட முயலாமல் ஓர் இதழுக்கு மூன்று வளைவு மட்டும் வையுங்கள், போதும்.

நிறத்துக்கு மூன்று ரோஸ்: தொண்டைப் பக்கம் (இதழ்கள் சேரும் பூவின் உள்வாய்) அடர்த்தி, நடுவில் இடைநிறம், ஓரத்தில் வெளிர். நடுக்கண்ணுக்கு மஞ்சள். மூன்று மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். இரண்டு ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நான்கடி தள்ளி நிற்பவருக்கும் அவை ஒரே நிறம்தான், ஒன்றை மாற்றுங்கள். ஓர வரிசையை முதலில் தைத்துவிட்டு, உள்ளே தொண்டையிலிருந்து நுனி நோக்கி வரிசை ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் இதழ் தட்டையாக, துண்டு ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

அவரே: எத்தனை கிராம் வாங்கணும்?

பதில்: 11/0 உருண்டை மணி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 நிற்கும். நெருக்கமாக நிரப்ப ஒரு சதுர செ.மீ.க்கு 33 மணி, அதாவது 0.3 கிராம். வெறும் கோடு என்றால் 10 செ.மீ.க்கு 70 மணி. உங்கள் பூ ஒன்று சுமார் 10 சதுர செ.மீ., 3 கிராம். கைக்கு மூன்று பூ, இரண்டு கைக்கு ஆறு: 18 கிராம். கோணல் மணி, உடைசல் கழிய ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 22 கிராம். இடைநிறத்தைப் பாதியளவு வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும்.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): எங்கே வாங்கலாம்? கடையில 11/0ன்னு சொன்னா புரியுமா?

பதில்: சிக்பேட்டையை ஒட்டிய மாமுல்பேட்டையிலும் அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட்டிலும் தேடுங்கள். பல கடைகளில் மி.மீ. கணக்குத்தான், 2 மி.மீ. சுகர் பீட்ஸ் என்று கேளுங்கள். எண்ணில் சொன்னால், எண் ஏற ஏற மணி சிறிதாகும்: 8/0 சுமார் 3 மி.மீ., 15/0 சுமார் 1.5 மி.மீ.

ஜப்பான் மணி (மியுகி, டோஹோ) அளவு பிசகாது, விலை கூட. சாதா மணியில் ஒரே பாக்கெட்டிலேயே தட்டையும் நீளமும் கலந்திருக்கும். தைக்கும் முன் தட்டில் கொட்டிப் பொறுக்கித்தான் ஆக வேண்டும். தேவையான மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் வரும் சரக்கில் அதே நிறம் சற்றே மாறியிருக்கலாம். அந்த வித்தியாசம் பூவின் நடுவில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

சாயம் போகுமா என்று பார்க்க, சில மணிகளை ஈர வெள்ளைத் துணியில் தேயுங்கள். சிலவற்றை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் போடுங்கள். சிலவற்றை இரண்டு வாரம் ஜன்னல் வெயிலில் வையுங்கள். ரோஸும் ஊதாவும்தான் அதிகம் ஏமாற்றும் நிறங்கள். உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள மணி வியர்வை பட்டால் கறுக்கும், கழுத்தோரத்தில் வேண்டாம்.

கேள்வி (ஜாலஹள்ளி): பாப்பா பேரைத் தமிழ்ல ஒரு துணிப்பையில போடணும். பேர்ல 'ண்' வருது. எவ்வளவு பெருசா எழுதணும்?

பதில்: மூன்று சுழி 'ண' தான் இதில் பரீட்சை. ஒவ்வொரு சுழிக்குள்ளும் 3 மி.மீ. துணி வெறுமையாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சுழிகள் அடைந்து, படிப்பவர் கண்ணுக்கு அது 'ன' ஆகிவிடும். 11/0 மணிக்கு எழுத்து உயரம் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிதாக வேண்டுமென்றால் 15/0க்குப் போங்கள். சுழி வளையும் இடத்தில் நான்கு மணி ஒன்றாகக் கோக்காமல் இரண்டிரண்டாகத் தையுங்கள். நான்கு கோத்தால் வளைவு முக்கோணமாக ஒடியும். புள்ளிக்கு ஒரே ஒரு 3 மி.மீ. மணி வையுங்கள், அழகாக உட்காரும்.

கேள்வி (மல்லேஸ்வரம்): ஆரி ஊசியா, சாதா ஊசியா?

பதில்: ப்ளவுஸுக்கு ஆரி (கொக்கி முனையுள்ள ஊசி) வேகம். ஆனால் அது சங்கிலித் தையல். ஓர் இடத்தில் நூல் அறுந்தால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு 8, 10 செ.மீ.க்கும் ஒரு முடிச்சுப் போட்டுப் பூட்டுங்கள். ஆரி ஊசியைக் கடைக்கே எடுத்துப் போய், மணியின் துளைக்குள் நுழைகிறதா என்று பார்த்து மணி வாங்குங்கள். பை, பெல்ட் போல உராயும் பொருளுக்கு 10ஆம் நம்பர் மணி ஊசியும் பாலியெஸ்டர் நூல் இரட்டையும் போதும்: நான்கு மணி கோத்து இறக்கி, கடைசி இரண்டுக்குள் மறுபடி நுழைந்து வாருங்கள். அறுந்தாலும் நான்கைந்துதான் உதிரும். பைப் பீட்ஸ் (நீளக் குழாய் மணி) வைத்தால் அதன் இரு முனையிலும் ஒரு சின்ன மணி சேருங்கள். அதன் வெட்டு முனை கண்ணாடிக் கத்தி போன்றது, நூலை அறுத்துவிடும்.

கேள்வி (கே.ஆர். புரம்): கோடு நெளியுது. ஃபிரேம்ல இருந்து எடுத்ததும் துணி சுருங்குது. என்ன தப்பு?

பதில்: இரண்டும் வேறு வேறு தப்பு. நான்கு மணி 5.6 மி.மீ. நீளம். ஊசியை 5 மி.மீ.யில் இறக்கினால் மணி இடமின்றிப் பக்கவாட்டில் பிதுங்கும்; 6.5இல் இறக்கினால் நூல் தெரியும். கோத்த மணியைத் துணியில் படுக்க வைத்து, கடைசி மணியை ஒட்டி ஊசியை இறக்குங்கள். வரிசை முடிந்ததும் எல்லா மணிக்குள்ளும் இன்னொரு நூலை ஓட்டினால் கோடு நிமிரும்.

சுருக்கத்துக்குக் காரணம், துணியைக் கிராஸாக இழுத்து மாட்டியது, அல்லது நூலைச் சுண்டி இழுத்தது. இழையின் நேர் வாக்கில் மாட்டுங்கள். பட்டுக்கு அடியில் மெல்லிய காட்டன் வைத்து இரண்டையும் சேர்த்தே தையுங்கள், மணியின் பாரத்தை அது தாங்கும். தைத்து முடித்த இடத்தின் மேல் ரிங்கை மாட்ட வேண்டாம், மணி நொறுங்கும்.

கேள்வி (இந்திரா நகர்): டெய்லர் மாஸ்டர், மணி பட்டு மெஷின் ஊசி உடையுதுன்னு கோவிச்சுக்கிறார்.

பதில்: அவர் சொல்வது நியாயம். முதலில் அவரிடமே கழுத்து, கை, பக்கத் தையல் எல்லாம் துணியில் குறித்து வாங்குங்கள்; வெட்டக் கூடாது. தையல் கோட்டிலிருந்து 1.5 செ.மீ., கழுத்தில் பைப்பிங் வரும் என்றால் அந்த ஓரத்திலிருந்து 6 மி.மீ. வெறுமையாக விட்டுத் தைத்துக் கொடுங்கள். அக்குளில் மணியே வேண்டாம். இடது தோளில் முந்தானை பின் குத்தும் இடத்தில் தூக்கலான மணி, தொங்கல் எதுவும் வைக்காதீர்கள், புடவை இழை மாட்டிக் கிழியும்.

கேள்வி (பானஸ்வாடி): நெட் துணியில நிறைய மணி நிரப்பலாமா?

பதில்: வேண்டாம், தொங்கிவிடும். அடியில் ஆர்கன்ஸா (மெல்லிய, விறைப்பான துணி) கொடுத்துச் சிதறலாக வையுங்கள்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): முடிக்க எத்தனை நாள் ஆகும்னு முன்கூட்டியே எப்படித் தெரியும்?

பதில்: அதே துணி, அதே நூல், அதே மணியில் 2 செ.மீ. சதுரம் ஒன்று நிரப்பி, கடிகாரத்தைப் பாருங்கள். மொத்தப் பரப்பை 4 சதுர செ.மீ.யால் வகுத்து, அந்த நேரத்தால் பெருக்குங்கள். அந்தத் துண்டையே தண்ணீரில் நனைத்து உலர்த்தி, பின்புறமாக டவல் மேல் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் அயர்ன் செய்தும் பாருங்கள். முத்துப் பூச்சு உரிகிறதா, சாயம் இறங்குகிறதா, துணி சுருங்குகிறதா என்று மூன்றும் அங்கேயே தெரிந்துவிடும். மிஞ்சும் மணியில் நிறத்துக்கு 2 கிராம் எடுத்து, அதே நூலோடு ஒரு கவரில் போட்டு ப்ளவுஸ் மடிப்புக்குள் வைத்துவிடுங்கள். உதிர்ந்த இடத்தை அடைக்க அதே லாட் மணி தேவைப்படும்.