பாக்கெட்டில் 125, தராசில் எத்தனை?

கேள்வி: என்னுடையது இழுக்க 45 பவுண்ட் விசை கேட்கும் ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்). அதற்காக 125 கிரெயின் எடையுள்ள ஃபீல்ட் பாயின்ட், அதாவது பயிற்சிக்கான அம்பு முனை, ஒரு டஜன் வாங்கினேன். தராசில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு எடை காட்டுகிறது. 122-ல் ஆரம்பித்து 127 வரை போகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் என்பது சுமார் 15.4 கிரெயின். உங்கள் டஜனில் கனமானதற்கும் லேசானதற்கும் உள்ள 5 கிரெயின் வித்தியாசம், ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். மொத்தம் 500 கிரெயின் இருக்கும் அம்பில் அது 1 சதவீதம். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகிற அம்பு 20 மீட்டரைக் கடக்க 0.4 நொடி ஆகும். அதற்குள் அது சுமார் 78 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். எடை 1 சதவீதம் கூடினால் இந்த இறக்கம் அதிகபட்சம் 8 மி.மீ. கூடும், அவ்வளவுதான். குறிக்கருவி எதுவும் இல்லாமல், விரலால் நாண் இழுத்து எய்பவருக்கு 20 மீட்டரில் 8 மி.மீ. கண்ணில் படாது.

ஆனால் எடை போட்டுப் பார்த்தீர்களே, அது மிக நல்ல பழக்கம். ஏன் என்று சொல்கிறேன். நான் ஒருமுறை வாங்கிய டஜனில் பதினொன்று 124, 125, 126 என்று ஒழுங்காக இருந்தன. பன்னிரண்டாவது 145. நிறம் அதேதான், வடிவமும் அதேதான். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் ஒன்று இம்மியளவு உயரம். பொட்டலம் போடும்போது வேறு டப்பாவிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அந்த ஒரு அம்பு மட்டும் தவறாமல் வலப்பக்கம் தாழ்ந்து போய் நிற்கும். அதைத் தராசில் வைக்கும் வரை, நாணை விடுகிற விரலில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைக்காரரிடம் காட்டியதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இப்படி 15, 20 கிரெயின் தள்ளி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

மர அம்பு என்றால் இந்தச் சின்ன வித்தியாசத்தை உங்களுக்குச் சாதகமாகவே திருப்பிக்கொள்ளலாம். மரத்தண்டுகள் ஒன்றுக்கொன்று எடையில் வேறுபடுவது, முனைகள் வேறுபடுவதைவிட மிக அதிகம். எல்லாத் தண்டையும் எடை போட்டுப் பென்சிலால் எண்ணை எழுதி வரிசையாக அடுக்குங்கள். கனமான தண்டுக்கு லேசான முனை, லேசான தண்டுக்குக் கனமான முனை என்று ஜோடி சேருங்கள். பார்க்க வேண்டியது முழு அம்பின் எடையை. ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு, ஒரே அளவில் இருந்து மொத்த எடை 10 கிரெயினுக்குள் அடங்கிவிட்டால் போதும், நிம்மதியாக எய்யலாம்.

கேள்வி: ஆறு மாதமாக 125 கிரெயின் ஃபீல்ட் பாயின்ட்டில் பயிற்சி. வேட்டைக்கு அனுமதி வாங்கியிருப்பதால், ஒட்டும் வகை பிராட்ஹெட்டும் (பிளேடு வைத்த வேட்டை முனை) 125-லேயே வாங்கி, அடாப்டர் வைத்துப் பொருத்தினேன். அம்பு வலப்பக்கம் தள்ளிப் போகிறது. நான் வலது கையால் நாண் இழுப்பவன். பிராட்ஹெட் மட்டமான சரக்கா?

பதில்: சரக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் அடாப்டரையும் சேர்த்து எடை போடுங்கள். ஒட்டும் வகையில் பாக்கெட்டில் எழுதியிருக்கும் 125 என்பது பிளேடு உள்ள தலையின் எடை மட்டும். அதைத் தண்டில் திருக வைக்கும் அடாப்டருக்குத் தனி எடை உண்டு. அலுமினியம் என்றால் 40 கிரெயினை ஒட்டி வரும். எஃகில் 75, 100, 125 என்று பல எடைகளில் விற்கிறார்கள். எஃகு 75 போட்டிருந்தால் உங்கள் அம்பின் நுனியில் இருப்பது 200 கிரெயின். பயிற்சி எடுத்ததோ 125-ல்.

இந்த 75 கிரெயின் அம்பை மெதுவாக்குவதோடு நிற்காது. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது நுனி கனமாக இருந்தால் தண்டு அதிகமாக வளையும். தண்டை மாற்றாமலே அது தளர்ந்த தண்டு போல நடந்துகொள்ளும். வலது கைக்காரருக்குத் தளர்ந்த அம்பு வலப்பக்கம் போகும், விறைத்த அம்பு இடப்பக்கம் போகும். நீங்கள் சொல்வது அப்படியே முதல் வகை.

இரண்டு வழி இருக்கிறது. 200 கிரெயின் ஃபீல்ட் பாயின்ட் வாங்கி, அதற்கேற்ற விறைப்பான தண்டில் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கலாம். இல்லாவிட்டால், அடாப்டர் தேவைப்படாத, மொத்தமே 125 வரும் திருகு வகை பிராட்ஹெட்டுக்கு மாறலாம். வேட்டை நாள் நெருங்கிவிட்டது என்றால் இரண்டாவதுதான் சரி. உயிர் உள்ள ஒன்றின் மீது அம்பு விடப்போகிறோம். அது எங்கே போய் விழும் என்று உறுதியாகத் தெரியாமல் விடக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. எடை அச்சாகப் பொருந்தினாலும் பிராட்ஹெட்டின் பிளேடு காற்றில் முன்பக்க இறக்கை மாதிரி வேலை செய்யும். முனையை மேசையில் ஊன்றி அம்பைப் பம்பரம் போலச் சுழற்றிப் பாருங்கள். முனையும் தண்டும் சேரும் இடம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். ஆடினால் பசையைச் சூடாக்கி இளக்கி, தலையைக் கொஞ்சம் திருப்பி மறுபடி ஒட்டுங்கள். திருகும்போதும் கழற்றும்போதும் வெறும் விரல் வேண்டாம், அதற்கென்று உள்ள ரெஞ்சைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: புதிதாகக் கார்பன் தண்டு வாங்குகிறேன். 100 முதல் 250 வரை முனைகள் இருக்கின்றன. எதில் ஒரு டஜன் எடுப்பது?

பதில்: இப்போதைக்கு எதிலும் எடுக்காதீர்கள். 100, 125, 150, 175, 200 என்று எடைக்கு ஒன்று கலந்து வரும் சோதனைப் பாக்கெட் கிடைக்கும். இல்லையென்றால் உதிரியாக ஒவ்வொன்று கேட்டு வாங்குங்கள். தண்டிலும் முதலில் இரண்டு மூன்று போதும். வெட்டாமல் முழு நீளத்திலேயே வைத்து, ஒன்றை இறகு ஒட்டாமல் விடுங்கள். பத்து, பன்னிரண்டு மீட்டரிலிருந்து இரண்டையும் எய்து பாருங்கள். இறகில்லாதது வலப்பக்கம் போனால் முனையை லேசாக்குங்கள், இடப்பக்கம் போனால் கனமாக்குங்கள். இது வலது கைக்காரருக்கு. இடது கை என்றால் தலைகீழ். எந்த எடையிலும் இடப்பக்கமே போனால் இன்னும் தளர்ந்த தண்டு வேண்டும். வலப்பக்கமே போனால் தண்டைக் கால் அங்குலம், கால் அங்குலமாக வெட்டிப் பாருங்கள், விறைப்பு கூடும். இறகுள்ளதும் இல்லாததும் பக்கத்தில் பக்கத்தில் குத்தும் நாளில் டஜன் வாங்குங்கள்.

கேள்வி: முனை எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. கனமான முனை அம்பின் சமநிலைப் புள்ளியை முன்னே கொண்டுவரும், பறக்கும்போது அம்பு சீக்கிரம் நிதானத்துக்கு வரும். இதை அளப்பது எளிது. நாண் பொருந்தும் பள்ளத்திலிருந்து தண்டு முடியும் இடம் வரை 30 அங்குலம், அம்பு விரலில் சமமாக நிற்கும் இடம் அதே பள்ளத்திலிருந்து 19 அங்குலம் என்று வையுங்கள். நடுப்புள்ளி 15. முன்னே தள்ளியிருப்பது 4. அதை 30-ஆல் வகுத்தால் சுமார் 13 சதவீதம். 10-லிருந்து 15 வரை பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். வேட்டைக்காரர்கள் அதற்கு மேலும் போகிறார்கள்.

ஆனால் அளவுக்கு மீறினால் அம்பு சீக்கிரம் தாழும், தூரக் கணிப்பில் சின்னப் பிழைகூடப் பெரிதாகத் தெரியும். நான் முதலில் முழு அம்பின் எடையைத்தான் பார்ப்பேன். நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9, 10 கிரெயின். 45 பவுண்டுக்கு 405 முதல் 450 வரை. 8-க்குக் கீழே போனால் வில்லுக்கே ஆபத்து. வில் செய்தவர் சொல்லும் குறைந்தபட்ச அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வில்லில் எழுதியிருக்கும் பவுண்ட் பொதுவாக 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் இழுப்பு 26 என்றால் கையில் வருவது அதைவிடக் குறைவு.

கேள்வி: முனை எடை போட எந்தத் தராசு?

பதில்: சமையலறைத் தராசு உதவாது. ஒரு கிராம் தாண்டினாலே 15 கிரெயின் போய்விடும். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு போதும், அது சுமார் 0.15 கிரெயின் நுட்பம். கிரெயின் அளவு அதிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்திலேயே காரட் அளவும் இருக்கும், மாற்றி வைத்துவிட்டு அம்பைச் சந்தேகப்படாதீர்கள். சரிபார்க்கும் எடைக்கல் ஒன்றும் கூடவே வாங்கிவிடுங்கள்.